பதின்மூன்று எழுத்து

ஆவணி பிறந்தபோது தமயந்திக்கு நிலவைக் கண்டாலே சலிப்பு வந்தது. ஏழு மாதமாக அது எத்தனை மணிக்கு எழும், எத்தனை மணிக்கு விழும் என்று பார்த்துப் பார்த்துத்தான் அவள் சாப்பிட்டாள், தூங்கினாள், பள்ளிக்கூடத்துக்கு விடுப்பு எழுதினாள். பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ராத்திரியெல்லாம் விழிப்பு. தேய்பிறையில் பின்னிரவிலிருந்து மத்தியானம் வரை. வளர்பிறையில் மத்தியானத்திலிருந்து நடுராத்திரி வரை. அமாவாசையை ஒட்டி ஐந்து நாள் மட்டும் ஓய்வு. அப்போது நிலவு சூரியனுக்குப் பக்கத்தில் போய்விடும். சூரியனின் இரைச்சலில் ஒன்றும் கேட்காது. மாதத்தின் மற்ற நாட்களை அந்த ஐந்து நாளை நினைத்துத்தான் ஓட்டினாள்.

அறந்தாங்கியில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் அவள் இயற்பியல் ஆய்வக உதவியாளர். வயது நாற்பத்தாறு. பாடம் நடத்தியதே இல்லை என்றாலும் ஊர் முழுக்க அவளை டீச்சர் என்றுதான் கூப்பிட்டது. பத்துப் பன்னிரண்டு வருடமாக, பொழுதுபோக்காகச் சொந்த ரேடியோவில் உலகத்தோடு பேசும் அமெச்சூர் ரேடியோ என்றால் அவளுக்குப் பைத்தியம். மொட்டை மாடியில் மீன்முள் போல நான்கு அலுமினிய ஆன்டெனா. அதை நிலவை நோக்கித் திருப்பி வைத்து ஒரு சத்தம் அனுப்புவாள். இரண்டரை வினாடி கழித்து அதே சத்தம் நிலவில் பட்டு, தேய்ந்து, இழைபோலத் திரும்பி வரும். கணவர் திருநாவுக்கரசு கேபிள் டி.வி. நடத்தியவர். "இதுல என்ன படம் தெரியுது?" என்று ஆரம்பத்தில் கேலி செய்தார். பிறகு அவரே ஏணி பிடித்தார்.

தை மாதம், பொங்கல் கழிந்த நான்காம் நாள், சூரியன் சீறியது. செயற்கைக்கோள்கள் ஒன்றுவிடாமல் செத்தன. கடலடிக் கேபிள்களில் நடுநடுவே வைத்திருந்த கருவிகள் கருகின. வானத்தின் மேலடுக்கு கலங்கிப்போனதால் பழைய சிற்றலை ரேடியோவிலும் இரைச்சல் மட்டும்தான். மூன்று வாரத்தில் உள்நாட்டுத் தொலைபேசி அரைகுறையாக எழுந்தது. கடலுக்கு அந்தப் பக்கம் மட்டும் எழவே இல்லை. புதுக் கேபிள் போட இரண்டு வருடம் ஆகும் என்றார்கள். அரசாங்கத்திடம் பெரிய பெரிய ஆன்டெனாக்கள் இருந்தன. அரசாங்கம் அரசாங்கத்தோடு பேச மட்டுமே அவை போதுமானதாக இருந்தன. மகன் எங்கே, கணவன் எங்கே என்று கேட்கிறவர்களுக்கு மிஞ்சியது நிலவும், அதில் எறிந்து பிடிக்கத் தெரிந்த ஒரு சில பொழுதுபோக்குக்காரர்களும்தான்.

அறந்தாங்கியைச் சுற்றி வளைகுடாவில் ஆள் இல்லாத தெரு கிடையாது. மாசி முதல் தமயந்தியின் வீட்டு வாசலில் வரிசை நின்றது.

செவ்வந்தி என்ற பெண் வந்தது ஆடி மாதம். கையில் இரண்டு மாதக் குழந்தை. கணவன் பாண்டிதுரை ஓமானில் சாரம் கட்டும் வேலையில் இருந்தான்.

"ஏன் டீச்சர் பதிமூணே எழுத்து?" என்று கேட்டாள். "கூட ரெண்டு வார்த்த எழுதினா போகாதா?"

இந்தக் கேள்விக்கு அறுநூறு தடவையாவது தமயந்தி பதில் சொல்லியிருப்பாள். இருந்தும் குழந்தையைப் பார்த்ததும் உட்காரச் சொல்லிவிட்டுப் பேசினாள்.

"நான் இங்கேருந்து அனுப்புறது ஒரு டேபிள் ஃபேன் ஓடுற அளவு கரண்டும்மா. அது நாலு லட்சம் கிலோமீட்டர் போயி நெலாவுல மோதி, அதே தூரம் திரும்பி வரணும். வந்து சேரும்போது ஒண்ணுமே மிச்சமிருக்காது. கம்ப்யூட்டர் ஒரு நிமிஷம் பூரா காது வச்சுக் கேட்டாத்தான் பதிமூணு எழுத்தைப் பிரிச்செடுக்க முடியும். ஒரு நிமிஷம் நான், ஒரு நிமிஷம் அவரு. அதுலயும் பாதி தடவ ரெண்டாம் முறை அனுப்பணும்."

"அவருன்னா?"

"ஹைதம்னு ஓமான்ல ஒருத்தரு. கப்பல்ல ரேடியோ ஆபீசரா இருந்து ஓய்வானவரு. அவர்கிட்ட பதினாறு ஆன்டெனா. என்கிட்ட நாலு. அவரு காது பெருசு, அதனாலதான் என் முனகல் அவருக்குக் கேக்குது. உன் வீட்டுக்காரரு பேரும் கேம்ப் பேரும் குடுத்தா, தேடிப் பிடிச்சு பதில் வாங்கித் தருவாரு."

செவ்வந்தி விரல் விட்டு எண்ணி எண்ணி எழுதினாள். தமிழை ஆங்கில எழுத்தில் எழுத வேண்டும். அங்கேதான் எல்லாரும் திணறுவார்கள். அவள் திணறவில்லை. 'பொண்ணு. பேர்?' என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாள். திருநாவுக்கரசு நோட்டில் பதிந்தார்: அறுநூற்று முப்பத்திரண்டு.

அந்த நோட்டில் இருநூற்று முப்பத்தொன்றாவது பெயர் சுகுமாறன். தமயந்தியின் தம்பி. அவனும் ஓமானில்தான், கிடங்குக் காவலாளியாக இருந்தான். முதல் நாளே அவன் பெயரை அனுப்பியிருக்கலாம். வாசலில் அத்தனை பேர் நிற்கும்போது அவளுக்கு மனசு வரவில்லை. பங்குனிக் கடைசியில்தான், என் தம்பி என்ற குறிப்போடு அனுப்பினாள். நான்காம் நாள் 'நலம்' என்று வந்தது. அன்று ஒருநாள்தான் அவள் அசந்து தூங்கினாள்.

நலம் என்ற அந்தச் சொல்லை ஹைதமுக்குக் கற்றுக்கொடுத்தது அவள்தான். ஆங்கிலத்தில் எழுதினால் ஐந்தே எழுத்து. தமிழில் அவருக்குத் தெரிந்த ஒரே சொல்; மற்றபடி இருவரும் பேசிக்கொண்டது ஆங்கிலத்தில்தான்.

அவர் தமக்காகக் கேட்டதும் ஒன்றே ஒன்றுதான். ஒவ்வொரு நாளும் வேலை முடிந்து நிலவு இறங்கும் நேரத்தில் கடைசியாக அவரிடமிருந்து ஒரு சொல் வரும்: 'நூர்?' நூர் அவருடைய மகள். சென்னையில் மருத்துவம் படிக்கிறாள். மாசியில் தமயந்தி விடுதிக்குப் போன் போட்டாள். நூரே வந்து பேசினாள். பங்குனியிலும் போட்டாள், வார்டன் எடுத்து எல்லாரும் சௌக்கியம் என்றார். சித்திரையிலிருந்து அந்த நம்பரில் மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. நேரில் போய்ப் பார்த்துவிட வேண்டும் என்று அவள் நினைத்தாள். அடுத்த அமாவாசைக்கு, அதற்கடுத்த அமாவாசைக்கு. கண் எரிய உட்கார்ந்திருக்கும் அந்தக் கடைசி நிமிடத்தில் 'நூர்?' என்று வரும்போது விரல் தானாகவே ஐந்து எழுத்தை அடித்தது. அது பொய் என்றுகூட அவளுக்கு முதலில் உறைக்கவில்லை. நேற்றுச் சொன்ன உண்மையைத்தானே இன்றும் சொல்கிறோம் என்று நினைத்துக்கொண்டாள்.

செவ்வந்திக்கு ஐந்தாம் நாள் பதில் வந்தது. 'நலம்.'

"நான் நலமான்னு கேக்கலியே டீச்சர். பேர்தானே கேட்டேன்."

"கேட்டவங்க சரியாக் கேக்காம விட்ருக்கலாம். திரும்ப அனுப்புறேன்."

பெண் குழந்தைக்குப் பெயர் கேட்கிறார்கள் என்று இந்தத் தடவை ஹைதமுக்கே ஆங்கிலத்தில் விளக்கித் திரும்ப அனுப்பினாள். இரண்டு நாள் கழித்து, அமாவாசைக்கு நான்கு நாள் இருக்கையில், காலை ஒன்பது மணிக்கு வந்தது. 'பேர் நூர்.'

திருநாவுக்கரசு எப்போதும்போல அதைத் துண்டுச் சீட்டில் எழுதி வாசலில் நின்று படித்தார். செவ்வந்தி சீட்டை வாங்கிப் பார்த்தாள். அழவில்லை. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நேராக மாடியறைக்கு ஏறி வந்தாள்.

"டீச்சர், இது எங்க வீட்டுக்காரரு இல்ல."

"ஏம்மா அப்படிச் சொல்ற?"

"அவரு பழனிக்கு மால போட்டு நடக்குறவரு. பொண்ணு பொறந்தா வள்ளி, தெய்வான ரெண்டுல ஒண்ணுன்னு கல்யாணத்தன்னிக்கே சண்டை போட்டோம். எதுன்னு அவரு சொல்லட்டும்னுதான் நான் கேட்டது. நூர்னு அவரு வைப்பாரா? எனக்கு வேற ஒண்ணும் தெரிய வேணாம் டீச்சர். இத யாரு சொன்னாங்கன்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க."

தமயந்தி சீட்டை வாங்கி மறுபடி படித்தாள். ஒரு பெண் குழந்தைக்குப் பெயர் கேட்டிருக்கிறார்கள். கேட்டு வாங்க ஆளில்லை. உட்கார்ந்து யோசித்த ஒரு கிழவருக்குத் தன் வீட்டுப் பெயரைத் தவிர வேறு பெயர் வரவில்லை. அது அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. புரிந்ததும் நினைவு பின்னால் போய்க்கொண்டே இருந்தது: வைகாசி முழுக்க வந்தது நலம், ஆனி முழுக்க நலம். அதற்கு முன்னால் 'காசு அனுப்பறேன்', 'கால் சரியாச்சு', 'அம்மாவ பாத்துக்க' என்று விதவிதமாக வந்துகொண்டிருந்தது. எப்போது நின்றது? அவரும் களைத்துவிட்டார் என்றுதான் அவள் எண்ணியிருந்தாள்.

அன்று வரிசையை நிறுத்தினாள். ஹைதமுக்கு ஒரே கேள்வி அனுப்பினாள். 'இவனைப் பார்த்தீரா?'

அடுத்த நிமிடம் பதில் இல்லை. அதற்கடுத்த நிமிடமும் இல்லை. அவர் நிலையத்தில்தான் இருந்தார், கருவி ஓடிக்கொண்டிருந்தது. நான்காம் முறை கேட்டபோது 'இல்லை' என்று வந்தது.

அதன் பிறகு வந்ததெல்லாம் துண்டு துண்டாக, நிமிடம் விட்டு நிமிடம், பகல் மூன்று மணி நிலவு இறங்கும் வரை. நடுவில் ஒரு வரி சிதைந்துபோகும். அவள் திரும்பக் கேட்பாள். அவர் திரும்ப அனுப்புவார். பொய்யை ஒப்புக்கொள்ளும் மனிதரை இரண்டிரண்டு தடவை சொல்ல வைப்பது அவளுக்கே கொடுமையாக இருந்தது. கணவர் பின்னால் நின்று ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டார். எழுதி முடித்தபோது விஷயம் இதுதான்.

சித்திரையில் அங்கே கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் நின்றுவிட்டன. தண்ணீர் இல்லை. கேம்ப்களைக் காலி செய்து ஆட்களை லாரி லாரியாக உள்நாட்டு மலைப்பக்கம், கிணறு உள்ள இடங்களுக்குக் கொண்டுபோனார்கள். யார் எந்த லாரியில் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. வெயிலில் வழியிலேயே சிலர் போய்விட்டதாகப் பேச்சு. போன் இல்லை. ஹைதமுக்கு வயது எழுபத்தொன்று. மனைவி இல்லை. பெயர்கள் மட்டும் அறந்தாங்கியிலிருந்து தினமும் வந்துகொண்டே இருந்தன. தெரியாது என்று அனுப்ப அவருக்குக் கை வரவில்லை. முதலில் ஒன்றிரண்டு. பிறகு எல்லாம்.

'எதுவரை உண்மை?' என்று தமயந்தி கேட்டாள்.

'212 வரை.'

திருநாவுக்கரசு பென்சிலைக் கீழே வைத்தார். சுகுமாறன் இருநூற்று முப்பத்தொன்று.

"பத்தொம்போது பேரு," என்றார். "பத்தொம்போது பேருதான் வித்தியாசம் தமயந்தி. நீ அன்னிக்கு ரெண்டு நாள் முன்னாடி அனுப்பியிருந்தா—"

"சும்மா இருங்க."

நிலவு எதிர்வீட்டுத் தண்ணீர்த்தொட்டிக்குக் கீழே போய்க்கொண்டிருந்தது. ஏழு மாதத்தில் முதல் தடவையாக அவளுக்கு அந்த மனிதரை வாய்க்கு வந்தபடி திட்ட வேண்டும்போல இருந்தது. பதின்மூன்று எழுத்தில் எப்படித் திட்டுவது? அப்போது திரையில் கடைசி வரி வந்தது. எப்போதும்போல, நடந்தது எதுவுமே நடக்காததுபோல.

'நூர்?'

அவள் விசைப்பலகை மேல் கையை வைத்தாள். ஐந்து எழுத்து. அவளுடைய நிமிடம் ஓடியது. ஓடி முடிந்தது. அவள் எதுவும் அடிக்கவில்லை. கருவி வெறும் இரைச்சலைக் காட்டியது. பிறகு நிலவு இறங்கிவிட்டது.

"ஏன் பதில் சொல்லல?" என்று கணவர் கேட்டார்.

"எனக்குத் தெரியாதுங்க," என்றாள். "சித்திரையிலேருந்தே எனக்குத் தெரியாது."

மறுநாள் காலை வாசலில் அறுபது எழுபது பேர் இருந்தார்கள். பதில் வாங்கிப் போனவர்களையும் ஆள் விட்டுக் கூப்பிட்டிருந்தாள். திருநாவுக்கரசு தானே சொல்வதாகச் சொன்னார். அவள் விடவில்லை. படியில் நின்று எல்லாவற்றையும் சொன்னாள். இருநூற்றுப் பன்னிரண்டுக்கு மேல் எந்த 'நல'த்தையும் நம்ப வேண்டாம், அவர்கள் எங்கே என்று யாருக்கும் தெரியாது என்றாள்.

முதலில் யாருக்கும் புரியவில்லை. "அப்போ என் மகன் எங்க இருக்கான்?" என்று ஆவுடையம்மாள் என்ற பெண்மணி திரும்பத் திரும்பக் கேட்டார். அவருடைய மகனின் எண் இருநூற்றுப் பதின்மூன்று. பின்னாலிருந்து அழகர்சாமி முன்னே வந்தான். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் டீக்கடை வைத்திருப்பவன். அவன் அண்ணனுக்கு வைகாசியில் நலம் வந்திருந்தது.

"எங்கம்மா சாகும்போது அந்தச் சீட்ட கையில வச்சிருந்துச்சு," என்றான். குரல் உயரவில்லை. "அந்தச் சீட்டோடதான் எரிச்சோம். நீங்க வந்து மாலை போட்டீங்க டீச்சர். ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"அன்னிக்கு உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியாது அழகர்சாமி. ஆனா தெரிஞ்சிருக்கணும். பாத்தாலே தெரியும், எல்லாம் ஒரே பதிலா வந்துச்சு. பாக்குற தெம்பு எனக்கு இல்ல."

அவன் ஒரு படி மேலே ஏறினான். அடிப்பான் என்று திருநாவுக்கரசு படியிறங்கினார். அவன் அடிக்கவில்லை. "தெம்பு இல்லன்னா கதவச் சாத்தியிருக்கலாம்ல," என்று சொல்லிவிட்டுக் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு போனான். யாரோ கல்லெடுத்து மாடிக்கு எறிந்தார்கள். ஓர் ஆன்டெனாவின் முள் வளைந்தது. பத்து மணிக்கெல்லாம் வாசல் காலியாகிவிட்டது. மாசிக்குப் பிறகு அந்த வாசலை அவள் காலியாகப் பார்த்தது அன்றுதான்.

செவ்வந்தி மட்டும் சுவரோரம் உட்கார்ந்து குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"நீ போகலையாம்மா?"

"போறேன் டீச்சர். நீங்க என்ன செய்யப் போறீங்க?"

"மெட்ராஸுக்குப் போறேன்," என்றாள் தமயந்தி. சொன்ன பிறகுதான் முடிவு செய்தாள்.

வாரத்துக்கு இரண்டு ரயில்தான் ஓடியது. நின்றுகொண்டே போனாள். விடுதி பூட்டியிருந்தது, வாசலில் குப்பை ஆளுயரத்துக்குக் கிடந்தது. வெளிநாட்டுப் பிள்ளைகளைத் தாம்பரம் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்திருப்பதாகக் காவலாளி சொன்னார். மண்டபத்துக்குப் போனால், அவர்கள் எல்லாரும் அரசு மருத்துவமனையில் வேலை செய்கிறார்கள் என்றார்கள். அங்கே மூன்றாம் மாடியில், கட்டில் போதாமல் தரையில் பாய் விரித்திருந்த வார்டில், ஒரு நோயாளிக்குக் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டிருந்தவளைக் காட்டினார்கள். கழுத்தெலும்பு துருத்திய, மெலிந்த பெண். தலைத்துணிக்குக் கீழே நெற்றியோரம் முடி உதிர்ந்து தெரிந்தது.

தமயந்தி யாரென்று சொன்னாள். நூர் ஊசியைச் சரிபார்த்து, கையைக் கழுவிவிட்டு வந்தாள். நான்கு வருடம் இங்கே இருந்தவள்; தமிழ் நன்றாகவே பேசினாள்.

"பாபா என்னைப் பத்தி கேக்குறாங்களா?"

"தினமும்."

"நீங்க என்ன சொன்னீங்க ஆன்ட்டி?"

"நலம்னு."

நூர் தலையாட்டினாள். "சித்திரையில எனக்கு டைபாய்டு. இருபத்திரண்டு நாள். என்கூட இருந்த ரெண்டு பேரு செத்துட்டாங்க. அப்பவும் நலம்னுதான் சொன்னீங்களா?"

"ஆமா."

மழுப்ப ஏதாவது கிடைக்குமா என்று தமயந்தி தேடவில்லை. நூரும் கோபப்படவில்லை. ஈரக் கையைத் துடைத்துக்கொண்டாள். பிறகு அவளே சொன்னாள். "நானும் தினம் சொல்றேன் ஆன்ட்டி. இந்த வார்டுல இருக்குற எல்லார்கிட்டயும். நாளைக்கு சரியாயிடும், நாளைக்கு சரியாயிடும்னு. சொல்லாம வேல பாக்க முடியல." பாயில் கிடந்தவர் தண்ணீர் கேட்டார், போய்க் கொடுத்துவிட்டு வந்தாள். "ஆனா பாபாகிட்ட வேணாம். அவர் கேட்டா உள்ளத சொல்லிடுங்க."

ஒரு மருந்துச் சீட்டின் பின்பக்கம் எழுதினாள். எண்ணிப் பார்த்தாள். ஓர் எழுத்து கூடுதலாக இருந்தது. அடித்துவிட்டு வேறு மாதிரி எழுதினாள். டைபாய்டு வந்தது, பிழைத்தேன் என்பதுதான் விஷயம். அவர்கள் மொழியில் அது பதின்மூன்றில் அடங்கியது.

ஊர் திரும்பியபோது வளர்பிறை நிலவு மேற்கே மெலிதாகத் தெரிந்தது. தமயந்தி குளிக்காமல்கூட மாடிக்குப் போனாள். வளைந்த முள்ளைக் கணவர் நிமிர்த்தியிருந்தார். ஹைதமைக் கூப்பிட்டாள். நிமிடம் விட்டு நிமிடம் ஒரு மணி நேரம் கூப்பிட்டாள். திரையில் அவளுடைய சத்தமே இரண்டரை வினாடி பிந்தித் திரும்பி வந்தது. வேறு ஒன்றும் வரவில்லை. மறுநாளும் அப்படியே.

"நான் பதில் சொல்லாம விட்டேன்ல," என்றாள் கணவரிடம். "அவரு என்னன்னு நெனச்சிருப்பாரு? மக போயிட்டான்னுதானே நெனச்சிருப்பாரு?"

திருநாவுக்கரசு ஆறுதலாக எதையோ சொல்ல வாயெடுத்தார். பிறகு சொல்லாமல் விட்டார். அந்த வீட்டில் இப்போது அப்படிச் சொல்லப் பயமாக இருந்தது.

மூன்றாம் நாள் மாலை ஐந்தரைக்கு ஒரு பதில் வந்தது. எழுத்துப்பிழையோடு, நேரம் தப்பி, தமிழில். 'யாரு பேசுறது'

தமயந்தி தன் பெயரை அனுப்பினாள். அந்தப் பக்கம் இருந்தது அன்சாரி, அதிராம்பட்டினத்துக்காரர், துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர், லாரியில் ஏறாமல் ஹைதமின் ஊரிலேயே தங்கிவிட்ட சிலரில் ஒருவர். எந்தப் பொத்தானை அழுத்துவது என்று பெரியவர் காகிதத்தில் படம் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனாராம். இரண்டு நாளாகத் தப்பாகவே அழுத்திக்கொண்டிருந்திருக்கிறார்.

'அவர் எங்கே?'

'மலைக்கு போனார்'

'எதுக்கு?'

'லிஸ்ட் எடுத்து'

அவள் கேட்டுக் கேட்டு வாங்கினாள். ஒப்புக்கொண்ட அன்றைக்கு மறுநாளே தண்ணீர் லாரி ஒன்றில் ஏறிப் போயிருக்கிறார். நானூற்று இருபத்தெட்டுப் பெயரையும் கையால் எழுதி எடுத்துக்கொண்டு. போகும்போது அன்சாரியிடம் ஒன்றே ஒன்று சொல்லியிருக்கிறார்: நூர் பற்றி எது வந்தாலும் எழுதி வை, நல்லதானாலும் கெட்டதானாலும். தமயந்தி மருந்துச் சீட்டிலிருந்த பதின்மூன்று எழுத்தை அனுப்பினாள். சரியாக வந்ததா என்று மூன்று தடவை சரிபார்த்தாள்.

அதன்பின் இருபது நாள். ஒவ்வொரு நாளும் அன்சாரியிடமிருந்து 'வரல' என்று வரும். அதை ஒரு பலகையில் எழுதி வாசலில் மாட்டினார் திருநாவுக்கரசு. 'ஹைதம் திரும்பவில்லை. யாரைப் பற்றியும் தெரியாது.' வேறு ஒன்றும் எழுதுவதில்லை. அப்படியும் ஆட்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். முதலில் நாலைந்து பேர், பிறகு முப்பது நாற்பது. அழகர்சாமியும் வந்தான், கேட்டுக்கு உள்ளே வராமல் தெருவிலேயே நின்று படித்துவிட்டுப் போவான்.

மறுபடி தேய்பிறை. ஒரு காலை, பதினொரு மணி. நிலவு வெளுத்துப்போய் மேற்கு வானில் தொங்கியது. திரையில் வந்த வரி அன்சாரியுடையது அல்ல. ஒரு பிழைகூட இல்லாத கப்பல்காரரின் எழுத்து.

'வந்துவிட்டேன்.'

தமயந்தி அதை இரண்டு தடவை படித்தாள். கணவரைக் கூப்பிட்டாள். அடுத்த வரி: 'நூர் படித்தேன்.' அதற்கடுத்தது: 'நன்றி. உண்மை.' பிறகு எண்கள். முன்னூற்று ஐம்பத்தொன்று பேரைப் பற்றித் தெரிந்தது. மீதிப் பேரைப் பற்றி எங்கேயும் தகவல் இல்லை. தெரிந்தவர்களில் எத்தனை பேர் உயிரோடு என்று அவர் மொத்தமாகச் சொல்லவில்லை; அவளும் கேட்கவில்லை. வாசலில் செய்தி பரவி ஆட்கள் சேரத் தொடங்கியிருந்தார்கள். கீழே குழந்தைகள் அழும் சத்தமும் யாரோ பெயர் சொல்லிக் கூப்பிடும் சத்தமும் கேட்டன.

அப்போது ஹைதம் அனுப்பினார். 'தம்பி முதலில்?'

அவளுடைய நிமிடம் தொடங்க இருபது வினாடி இருந்தது. திருநாவுக்கரசு அவள் தோளுக்கு மேலாகப் படித்துவிட்டார்.

"கேட்டுரு தமயந்தி," என்றார். "யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. ஏழு மாசம் ஒழச்சிருக்க."

அவள் நோட்டை இழுத்து விரித்தாள். "இருநூத்துப் பதிமூணு ஆவுடையம்மா மகன்தானேங்க?"

"ஆமா."

"வந்திருக்காங்களா?"

அவர் கைப்பிடிச் சுவரோரம் போய் எட்டிப் பார்த்தார். "வந்திருக்காங்க. வாசப்படிலயே உக்காந்திருக்காங்க."

தமயந்தி மூன்று எண்களை அடித்து அனுப்பினாள். 213.

நிலவு இறங்க இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது. ஒரு பெயருக்குப் பத்து நிமிடம் என்று வைத்தாலும் பதினெட்டுப் பெயர்தான் ஆகும். சுகுமாறன் பத்தொன்பதாவது. அவள் அதைக் கணக்குப் பார்த்தாள், பார்த்துவிட்டு விட்டுவிட்டாள்.

ஆவுடையம்மாளுக்கான பதில் வந்தது. முதல் தடவையே தெளிவாக வந்தது. திருநாவுக்கரசு எழுதிப் படிக்கத் துண்டுச் சீட்டை எடுத்தார்.

"சீட்டு வேணாங்க, இத நானே போயிச் சொல்றேன்," என்றாள். "நீங்க ஆன்டெனாவப் பாத்துக்கங்க."

நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாகக் கீழே இறங்கிப் போய், ஆவுடையம்மாளுக்குப் பக்கத்தில் வாசற்படியில் உட்கார்ந்தாள்.